பேரலும் பேரேடும்

போன மாதம் சித்தப்பா மகன் மனைவியோடு ஏர்பேட்டிலிருந்து டாலஸ் வந்திருந்தான். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் ரயில் நிற்குமே, அந்த ஏர்பேடுதான். இப்போது ஐஐடி வந்து ஊர் பெரியதாகிவிட்டது. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது வேர்க்கடலைக் கொல்லையும் காட்டுப்பன்றியும்தான் ஊரின் பெருமை.

ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. தம்பி ஊரில் பிஸ்டல் லைசன்ஸ் வைத்திருப்பவன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நண்பருக்கு ஒரே உற்சாகம். உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்தார். மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை காட்டி, மேல் பகுதியைக் கழற்றி, பேரலை வெளியே எடுத்தார். வேறொரு பேரலை உள்ளே வைத்தார். "இதுவரைக்கும் பாயிண்ட் 40. இனிமேல் 9 எம்எம்" என்றார். ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் துப்பாக்கியின் சாதியே மாறிவிட்டது.

தம்பியின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! காரில் திரும்பும்போது மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணா, அப்பாவோட பிஸ்டல் பாயிண்ட் 32. தோட்டா கிடைக்கிறதே கஷ்டம், கிடைச்சாலும் யானை விலை. இங்கே ஒரு பேரல் நூறு டாலர் சொச்சம்னு சொல்றாரே. ஒண்ணு வாங்கி பெட்டியில போட்டுக்கிட்டுப் போனா என்ன?"

பக்கத்தில் அவன் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தாத குறைதான்.

நான் ஆயுத நிபுணன் இல்லை. பி.காம். படித்து, இருபது வருடமாக வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் இந்த விஷயம் கடைசியில் ஒரு கணக்கு விஷயம்தான் என்பது என் கருத்து. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நண்பரின் பிஸ்டல். அமெரிக்காவில் 1986-இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். 9 எம்எம் தோட்டா போதவில்லை என்று அப்போது ஒரு பேச்சு எழுந்தது. அதன் விளைவாக 1990-இல் பாயிண்ட் 40 தோட்டா சந்தைக்கு வந்து, நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் அதற்கு மாறினார்கள். பிறகு 9 எம்எம் தோட்டாவே நன்றாக மேம்பட்டது. 2014-க்குப் பிறகு எஃப்.பி.ஐ. திரும்ப 9 எம்எம்முக்கே வந்தது. போலீஸ் கழித்துக்கட்டிய பாயிண்ட் 40 பிஸ்டல்கள் மலிவாக வெளியே வந்தன. 9 எம்எம் தோட்டாவின் விலையும் குறைவு. ஆகவே பழைய பாயிண்ட் 40-ஐ வாங்கி, 9 எம்எம் பேரல் போட்டுக்கொள்வது இங்கே பலருக்கு ஒரு சிக்கனம். நண்பர் செய்ததும் அதுவே.

அது எப்படி இவ்வளவு சுலபமாக முடிகிறது? இரண்டு தோட்டாவும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பெரிய தோட்டாவுக்காகச் செய்த உடம்பு சின்னத் தோட்டாவைத் தாங்கும். அப்போதும் அதற்கென்றே செய்த பேரல் வேண்டும். பாயிண்ட் 40 பேரலிலேயே தெரியாமல் 9 எம்எம் தோட்டாவைப் போட்டால், வெடிக்கும்போது அதன் பித்தளைக் கூடு உள்ளேயே பிளந்து போகலாம். ஒரே வீட்டில் இரண்டு அளவுத் தோட்டா வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

தம்பியின் பாயிண்ட் 32 வேறு சங்கதி. இந்தத் தோட்டாவுக்கே ஐரோப்பாவில் 7.65 எம்எம் என்று பெயர். அதன் உச்ச அழுத்தம் 20,500 பவுண்டுதான். அந்த வகைப் பிஸ்டலில் பேரல் அசையாது, பூட்டும் கிடையாது. சுடும் நேரத்தில் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. அதற்கு ஏற்ற அளவில்தான் மொத்தத் துப்பாக்கியையும் செய்திருக்கிறார்கள். அதில் 35,000 பவுண்டு தோட்டாவை ஏற்ற நினைப்பது, பழைய குக்கரின் வெயிட் மேல் கல்லைத் தூக்கி வைப்பது மாதிரி. நூறு டாலர் பேரல் அதில் பொருந்தவே பொருந்தாது. "பொருத்தித் தருகிறேன்" என்று ஊரில் எவனாவது லேத் பட்டறைக்காரன் சொன்னால், பொருந்திய பிறகுதான் ஆபத்தே ஆரம்பம்.

சரி, இரும்பு ஒத்துழைக்காது. ஒத்துழைத்தாலும் சட்டம்?

இங்கேதான் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் 1968-இல் வந்த சட்டப்படி துப்பாக்கி என்பது அதன் ஃப்ரேம். சீரியல் நம்பர் உள்ள அந்தக் கைப்பிடிப் பகுதி. கடையில் வாங்கும்போது படிவம் நிரப்புவதும் பின்னணிச் சோதனை நடப்பதும் அதற்காகத்தான். பேரல் வெறும் உதிரிபாகம். புத்தகம் மாதிரித் தபாலில் வரும். நான் இருக்கும் டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள பெரியவர்கள் பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு போகக்கூடத் தனி லைசன்ஸ் தேவையில்லை. எத்தனை தோட்டா வாங்கினாய், எத்தனை மிச்சம் என்று கேட்க ஆள் கிடையாது.

இந்தியாவில் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. பேரல் தனியாக இருந்தாலும் அது துப்பாக்கிதான். லைசன்ஸில் நம்பர் மட்டுமில்லாமல், என்ன போர் என்பதும் எழுதியிருக்கும். பாயிண்ட் 32 சாதாரண மனிதனுக்கு உண்டு. 9 எம்எம், .380, .455, .303, 7.62 எல்லாம் ராணுவமும் போலீஸும் பயன்படுத்திய தோட்டாக்கள் என்பதால் தடை செய்யப்பட்ட போர். அதற்கு மாவட்டக் கலெக்டர் லைசன்ஸ் தர முடியாது, டில்லி உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும்.

அனுமதியில்லாமல் துப்பாக்கியை மாற்றி அமைப்பது முன்பே குற்றம். 2019 திருத்தம் இன்னும் ஒரு படி போய், ஒரு வகைத் துப்பாக்கியை லைசன்ஸ் இல்லாமல் வேறு வகையாக மாற்றக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டது. தண்டனை குறைந்தது ஏழு வருடம், ஆயுள் வரை போகலாம். தடை செய்யப்பட்ட வகை என்றால் ஆரம்பமே பத்து வருடம். அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் குற்றம்தான். இந்தப் பக்கமும் லேசில்லை. அமெரிக்காவிலிருந்து துப்பாக்கிப் பேரலை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வணிகத் துறையின் அனுமதி வேண்டும்.

ஆக, தம்பி கேட்ட "ஒரு பேரல்" டாலஸில் உதிரிபாகம், விமானத்தில் கடத்தல், சென்னையில் துப்பாக்கி, ஏர்பேட்டில் தடை செய்யப்பட்ட துப்பாக்கி. ஒரே இரும்புக் குழாய்க்கு நாலு பெயர்.

"என்னண்ணா இது, ஓட்டை சைஸுக்கு இவ்வளவு சட்டமா?" என்றான்.

நியாயமான கேள்வி. 12 போர் துப்பாக்கி கிட்டத்தில் சுட்டால் எந்த 9 எம்எம்மையும் விடக் கொடூரமானது. அது தடையில்லாத வகை. வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்குவதும் அதுதான். 9 எம்எம்முக்கு மட்டும் டில்லி அனுமதி. ஆபத்தை அளக்கும் சட்டம் என்றால் இது தலைகீழ்.

ஆனால் இந்தச் சட்டம் பிறந்தது ஆபத்தை அளப்பதற்காக இல்லை. வெள்ளைக்காரன் பயந்தது துப்பாக்கிக்கு அல்ல, தோட்டாவுக்கு. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடு போனால் அது எந்தத் துப்பாக்கியில் நுழையும் என்பதுதான் அவன் கவலை. 1907-வாக்கில் .450 அளவுக்கு இந்தியாவில் தடை வந்தது. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புது அளவுகளைச் செய்து வேட்டைக்கார துரைகளுக்கு விற்றன. யானை சாக இதெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை. ராணுவத் தோட்டா உள்ளே நுழையாது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. காலிபர் மாற்றும் வேலையை நம் நாட்டில் பெரிய அளவில் செய்தது சர்க்காரேதான். கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில், .303 ராணுவ ரைஃபிளின் உருவத்திலேயே உள்ளே வரிகள் இல்லாத .410 மஸ்கட் செய்து போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். யாராவது அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் ராணுவத்தின் .303 தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது. காவலனிடம் துப்பாக்கி இருக்க வேண்டும், அந்தத் துப்பாக்கி அரசின் மேல் திரும்பக் கூடாது. இதுதான் காலனிய புத்தி. இந்தியனை நம்பாத புத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1878 சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு, நமக்கு லைசன்ஸ்.

அப்படியானால் சுதந்திரம் வந்து இத்தனை வருடம் கழித்தும் இதை ஏன் சுமக்க வேண்டும், தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் கருத்தை மாற்றியது ஒரு தோட்டா.

ஊரில் வங்கி வேலையில் இருந்தபோது எங்கள் கிளையில் முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர் காவலாளி. இரட்டைக் குழல் 12 போர். மாதத்துக்கு ஒருமுறை துப்பாக்கி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் வேலை. துப்பாக்கி நம்பர், போர், தோட்டா எண்ணிக்கை. ஒரு மாதம் எண்ணும்போது ஒன்று குறைந்தது. பணப் பெட்டியில் ஆயிரம் ரூபாய் குறைந்திருந்தால்கூட அவ்வளவு வியர்த்திருக்காது. இரவு ஒன்பது மணி வரை தேடினோம். கடைசியில் அவருடைய பழைய கோட்டுப் பையின் கிழிந்த உள்துணிக்குள் கிடைத்தது. அந்த மனிதர் கண் கலங்கி, "சார், துப்பாக்கி தொலைஞ்சா நம்பரை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். தோட்டா தொலைஞ்சா அது யார் உடம்புலேர்ந்து வெளியே வருமோ" என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. லைசன்ஸில் எழுதியிருக்கும் அந்த போர் என்பது ஒரு கணக்குத் தலைப்பு. இரண்டு பேரேடுகள் இருக்கின்றன. ஒன்று துப்பாக்கிக்கு, இன்னொன்று தோட்டாவுக்கு. ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசன்ஸிலேயே இருக்கும். வியாபாரி தன் புத்தகத்திலும் எழுதுவான். இரண்டு பேரேட்டையும் இணைக்கும் ஒரே எண் போர். ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்து பேரலை மாற்றிவிட்டால் துப்பாக்கி ஒரு தலைப்பில், தோட்டா இன்னொரு தலைப்பில். டேலி ஆகவே ஆகாது. கணக்கில் வராத தோட்டாவை அவன் கணக்கில் வராத இடத்திலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

"கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறான்? லைசன்ஸ்காரனை மட்டும் ஏன் படுத்துகிறீர்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான். நம் நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை லைசன்ஸ் இல்லாத துப்பாக்கியால் நடப்பவை. ஆனால் அந்தக் கள்ளத் துப்பாக்கி எந்த அளவில் செய்யப்படுகிறது என்று பாருங்கள். வடக்கே நாட்டுக் கட்டா என்றால் பெரும்பாலும் .315 அல்லது 12 போர். பீகாரின் முங்கேரில் செய்யும் கள்ளப் பிஸ்டல்களில் 7.65 எம்எம் அடிக்கடி பிடிபடுகிறது. அதாவது தம்பியின் அதே பாயிண்ட் 32! ஏன் இந்த அளவுகள்? லைசன்ஸ்காரனுக்குச் சட்டப்படி விற்கும் தோட்டா இவைதான், கசிந்து வருவதும் இவைதான். குழாயை எந்த லேத்திலும் கடைந்துவிடலாம், நல்ல தோட்டாவைக் கொட்டகையில் செய்ய முடியாது. துப்பாக்கி தோட்டாவின் பின்னால் போகிறது. அதனால் கணக்கைத் தோட்டாப் பக்கம் இறுக்கிப் பிடிப்பதுதான் சரி. வெள்ளைக்காரன் கெட்ட காரணத்துக்காகக் கண்டுபிடித்த வழியாக இருக்கலாம், வழி தப்பில்லை.

இதனால் இந்தியச் சட்டம் ரொம்ப அழகு என்று நான் சொல்ல வரவில்லை. 12 போருக்கும் 9 எம்எம்முக்கும் உள்ள முரண்பாட்டைச் சரி செய்யட்டும். சர்க்கார் தொழிற்சாலைத் தோட்டா நியாயமான விலையில், நேரத்துக்குக் கிடைக்கட்டும். சட்டப்படி நடக்கிறவனுக்குத் தோட்டா கிடைக்காமல் செய்தால், அவன் தம்பி மாதிரிதான் வேறு வழி யோசிப்பான். ஆனால் "அமெரிக்கா மாதிரி விட்டுவிடு" என்று யாராவது சொன்னால் என் ஓட்டு அதற்கு இல்லை. பேரல் வெறும் உதிரிபாகம் என்ற எண்ணத்தை மற்ற நாடுகளே கைவிட ஆரம்பித்துவிட்டன. கனடாவில் 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை உறைய வைத்தார்கள். 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், பேரலையும் பிஸ்டல் ஸ்லைடையும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

இனி நம் குடும்பங்களுக்கு மூன்று விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒன்று, ஊரில் அப்பாவோ மாமாவோ லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருந்து இறந்து போயிருந்தால், அது பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே தூங்கக் கூடாது. லைசன்ஸ் அவரோடு முடிந்தது. தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு வேண்டுமென்றால் அதன்பிறகு விண்ணப்பிக்கலாம். நாம் இங்கே இருக்க, அங்கே தனியாக இருக்கும் அம்மா, தெரியாமலே குற்றவாளி ஆகிவிடக் கூடாது. சித்தப்பா இறந்ததும் தம்பி இதை ஒழுங்காகச் செய்தான். அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்ததும் காகிதமெல்லாம் அங்கே மாற்றிக்கொண்டான். 2024 மே தேர்தலுக்கு முன்பும் பிஸ்டலைக் கொண்டுபோய் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வந்தான். அப்படிப்பட்டவனே ஒரு காபி நேரத்தில் தடுமாறினான் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

இரண்டு, இங்கே ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்விட்டு ஞாபகார்த்தமாக ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பையன்களுக்கு இருக்கிறது. அதே பையோடு ஊருக்குக் கிளம்புகிறோம். சென்னை ஏர்போர்ட்டில் ஸ்கேனருக்கு ஞாபகார்த்தம் எல்லாம் தெரியாது. வழியில் துபாய், சிங்கப்பூர் வேறு. கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாப் பைகளின் ஓரப் பாக்கெட்டையும் கையை விட்டுப் பாருங்கள்.

மூன்று, சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கி வேண்டாம். நண்பர் கவனமானவர்தான். ஆனால் அன்று அவருடைய பத்து வயது மகன் அந்தப் பேரலை எடுத்துக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். வெறும் குழாய்தான், சட்டப்படி உதிரிபாகம்தான். எனக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை. அதை நண்பரிடம் அன்றைக்கே சொல்லாமல் வந்தது என் தப்பு. அடுத்த வாரம் போன் செய்து சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், அப்புறம் பூட்டுப் பெட்டி வாங்கியதாகச் சொன்னார்.

தம்பி ஊருக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட்டும் சித்திக்கு ஒரு முழங்கால் பெல்ட்டும்தான் போயின. போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "அண்ணா, இந்தப் பிஸ்டலை நான் ஒரு தடவைகூட எதுக்கும் எடுத்ததில்லை. அப்பா கூலிப் பணத்தைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரியில போவாரு, அவருக்குத் தேவைப்பட்டுச்சு. இப்ப கூலியெல்லாம் பேங்க் அக்கவுண்டுக்குத்தானே போகுது? திருப்பதியில டீலர்கிட்ட குடுத்துடலாமான்னு பாக்கிறேன்" என்றான்.

வங்கிக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி உண்டா? :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. லைசன்ஸ் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் ஊரில் கலெக்டர் ஆபீஸ் ஆயுதப் பிரிவில் கேளுங்கள், பக்கத்து வீட்டு நண்பரிடம் கேட்காதீர்கள்.